ஜூனுக்குள் ஜடை

மார்ச் 3, திங்கள்

காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக என் மனுவையே மூன்று பிரதி எடுத்தேன். திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே பதினோரு வருடமாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை. ஊரார் மனுக்களையெல்லாம் அடித்துக் கொடுத்த கை. 'மனுதாரர் கோதண்டபாணி' என்று என் பெயர் வந்தபோதும் கை நிற்கவில்லை. ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தினேன். பெரிய ஆள்தான் நான்.

காஞ்சனாவும் நானும் பிரிந்து ஒன்றரை வருடம். அவள் பொதட்டூர்பேட்டையில் தம்பி சுதாகர் வீட்டில் இருக்கிறாள். மகள் மோகனப்ரியா அவளிடம். சனிக்கிழமை பத்திலிருந்து ஐந்து வரை என்னிடம். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் காஞ்சனாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறாளாம். அதற்கு அனுமதி தரக் கூடாது என்பது என் மனு.

வக்கீல் தேவயானி மேடம்தான் நோட்டு போடச் சொன்னார். "பார்த்த தேதி, நேரம், என்ன வாங்கிக் குடுத்தீங்க, எல்லாம் எழுதி வைங்க. கோர்ட்ல உதவும்." அதற்குத்தான் இது.

மார்ச் 8, சனி

பார்த்த நேரம்: 10.10 முதல் 5.00 வரை. இட்லி, கலர் பென்சில், ஒரு ரிப்பன்.

ரிப்பன் அவளாகக் கேட்டது. "நைனா, திருப்பூர் ஸ்கூல்ல எல்லாரும் ரெட்டை ஜடை போட்டுகினுதான் வரணுமாம். எனக்குத்தான் ஜடை ரொம்ப நீளமா இருக்குமாம், அம்மா சொல்லிச்சு."

முடி இடுப்பு வரை இருக்கிறது. மூன்று வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டேன் — பிழைத்தால் ஏழு வயதில் மலையில் மொட்டை. காஞ்சனாவுக்கும் தெரியும். "பொண்ணு வளரட்டும், அவள கேட்டுட்டுப் போடலாம்" என்று போன வருடம் சொன்னாள். அடுத்த மாதம் ஏழு முடிகிறது.

மார்ச் 15, சனி

10.00 முதல் 5.00 வரை. பரோட்டா. வேறொன்றும் இல்லை.

மார்ச் 19, புதன்

திருவள்ளூர் குடும்ப நல நீதிமன்றம். ஏப்ரல் 9 அன்று பிள்ளையிடமே பேசுவதாக நீதிபதி சொன்னார். காஞ்சனா எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு புதிது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை.

மார்ச் 22, சனி

10.00 முதல் 5.00 வரை.

மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் மொட்டை போட்டுவிட்டேன்.

வேண்டுதலை அப்படியே வைத்துக்கொண்டு பிள்ளை வெளியூர் போகக் கூடாது என்றுதான் போனேன். சீட்டு வாங்கி, என் மடியிலேயே உட்கார வைத்தேன். தலையில் தண்ணீர் தெளித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. "அம்மாகிட்ட கேட்டியா நைனா?" என்றாள்.

"சொல்லிக்கலாம்" என்றேன்.

அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. கத்தி போகப் போக மடியில் விழுந்த முடியை இரண்டு கையாலும் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கச் சொன்னபோது அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். சந்தனம் பூசினேன். சர்க்கரைப் பொங்கல் வாங்கிக் கொடுத்தேன், சாப்பிடவில்லை.

ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் சுதாகர் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"இன்னா பாவா இது? மொட்டைன்னா மாமன் மடியில உக்கார வெச்சில்ல போடுவாங்க? நான் இன்னா செத்தா பூட்டேன்? பெத்தவளுக்கு ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

தன் துண்டை எடுத்து அவள் தலையில் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

மார்ச் 23, ஞாயிறு

காஞ்சனா போன் செய்தாள். கத்துவாள் என்று போனைக் காதிலிருந்து தள்ளியே வைத்திருந்தேன். கத்தவில்லை.

"வேண்டுதல்னு எனக்கும் தெரியும். நான் வேணாம்னு சொல்லல. அவள கேட்டீங்களா? ஒரே ஒரு தபா கேட்டீங்களா?"

வைத்துவிட்டாள்.

மார்ச் 27, வியாழன்

மதியம் பக்தவச்சலம் என்று ஒரு குமாஸ்தா கடைக்கு வந்தார். ஊருக்குப் புதியவர், காஞ்சனாவின் வக்கீலிடம் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறதாம். பதில் மனு, மூன்று பிரதி வேண்டும் என்றார். புரட்டினேன். 'தாயின் ஒப்புதலின்றி, குழந்தையின் விருப்பமின்றி.' கடைசித் தாளில் மோகனாவின் போட்டோ. மொட்டைத் தலை, சந்தனம், கண் கேமராவைப் பார்க்கவில்லை.

முதல் பிரதியில் முகம் கறுப்பாக விழுந்துவிட்டது.

"முகம் தெரியலயே சார், இன்னொண்ணு தெளிவா எடுங்க. இதுதாங்க முக்கியம்" என்றார்.

டார்க்கைக் குறைத்து மறுபடி எடுத்தேன். தெளிவாக வந்தது. மூன்று பிரதி. பின் அடித்துக் கொடுத்தேன். "எந்த அப்பன் இப்டி பண்ணுவான், சொல்லுங்க" என்றார்.

"ஆங்" என்றேன்.

மார்ச் 29, சனி

பார்த்த நேரம்: இல்லை. அனுப்பவில்லை.

ஏப்ரல் 2, புதன்

உண்மையை எழுதினால் என்ன? கோர்ட்டுக்கு என்று ஆரம்பித்த நோட்டு, இனி கோர்ட்டுக்குக் கொடுக்க முடியாத நோட்டு. எழுதலாம்.

வேண்டுதல் மட்டும் இல்லை. முடி இங்கே விழுந்தால் அவளும் இங்கேயே நிற்பாள் என்று ஒரு நினைப்பு. ரெட்டை ஜடை போட முடியாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவாள் என்று ஒரு நினைப்பு. சாமி பேரைச் சொல்லி என் வேலையைப் பார்த்துக்கொண்டேன். ஒரு ஏழு வயசுப் பொண்ணு தலையில போய்... சீ.

ஏப்ரல் 9, புதன்

மோகனா தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். நீதிபதி அறைக்குள் இருபது நிமிடம்.

அவள் உள்ளே என்ன சொன்னாள் என்பதைச் சாயங்காலம் தேவயானி மேடம் சொன்னார். அம்மாகூட இருக்கணுமா, அப்பாகூட இருக்கணுமா என்று நீதிபதி கேட்டாராம். அதற்கு இவள் ஒன்றும் சொல்லவில்லையாம். எழுந்து வரும்போது திரும்பி நின்று ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"ஜூனுக்குள்ள ஜடை போடுற அளவுக்கு வளந்துடுமா?"

மேடம் வேறு ஏதேதோ வாய்ப்புகளைச் சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை.

ஏப்ரல் 16, புதன்

என் கடையில் நானே அடித்தேன். 'மனுதாரருக்கு ஆட்சேபணை இல்லை.' மாதம் இரண்டு நாள் நான் திருப்பூர் போய்ப் பார்க்கலாம். விடுமுறையில் பாதி நாள் இங்கே. மேடம் நோட்டைக் கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன்.

ஜூன் 2, திங்கள்

இன்று பள்ளி திறப்பு. இங்கேயும் பள்ளிக்கூடக் கூட்டம். சாதிச் சான்று, ஆதார், மாற்றுச் சான்றிதழ் என்று நாள் முழுக்க ஜெராக்ஸ். நல்ல வியாபாரம். சாப்பிட மறந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

திருப்பூர். மோகனா தொப்பியைக் கழற்றவில்லை. காஞ்சனா டீ கொடுத்தாள். குடித்துவிட்டு ரயிலேறினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலாண்டு விடுமுறை. நேற்று சுதாகர் மோகனாவைக் கொண்டுவந்து விட்டான். ஐந்து நாள் இருப்பாள்.

தொப்பி இல்லை. முடி காதைத் தாண்டவில்லை, எந்தப் பக்கம் படிவது என்று தெரியாமல் நிற்கிறது. ஜடைக்கு இன்னும் ரொம்ப நாள் ஆகும்.

காலையில், "மலைக்குப் போலாமா?" என்று கேட்டேன். இரண்டு கையையும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

போகவில்லை.

சாயங்காலம் கடைத்தெருவில் கிளிப் வாங்கப் போனோம். கடைக்காரர் இருந்த அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார். "நீயே எடு, எது புடிச்சிருக்கோ" என்றேன். ஒன்றை எடுப்பாள், வைப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி வேறு அட்டை. அரை மணி நேரம் ஆயிற்று. "செவப்பு எடுத்துக் குடுங்க சார், பாப்பாவுக்கு நல்லா இருக்கும்" என்றார் கடைக்காரர்.

"அவ சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு நின்றேன்.