காலியாக இருந்த முதல் குழி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன், இன்று அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அப்பாவுக்குப் புதிதாகக் காது மிஷின் வாங்கினோம், நான் பேச ஆரம்பித்தால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார், டிவிக்கு மட்டும் மாட்டிக்கொள்கிறார். உன்னை அந்த ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நான் சொன்னபோது மிஷின் காதில்தான் இருந்தது. எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தார். எங்கள் பிள்ளையின் கணக்கு தப்பாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன்.

நான் வேலை பார்க்கிற ஆராய்ச்சிப் பண்ணையில் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். உருளைக்கிழங்குப் பிரிவின் தலைவர், நம் உருளை டாக்டரின் வயல் போய்விட்டது. மழை விட்டு மூடுபனி பிடித்த மூன்றாம் நாள் இலை ஓரத்தில் பொட்டுப் பொட்டாக வந்தது, ஒன்பதாம் நாள் வயலே கருகி நின்றது, கிட்டே போனால் அழுகல் நாற்றம். நோய் அண்டாத காட்டுக்கிழங்கையும் வீட்டுக்கிழங்கையும் கலந்து ஒரு ரகம் எடுக்க அவர் பத்தொன்பது வருஷம் பாடுபட்டது உனக்குத் தெரியாததில்லை, ருசி வந்தால் நோய் எதிர்ப்பு போய்விடும், எதிர்ப்பு வந்தால் வாயில் வைக்க முடியாத கசப்பு. இரண்டும் சேர்ந்த செடி எது என்று வயலில் வருஷக்கணக்காகக் காத்திருக்காமல் நாற்றின் இலையிலேயே மரபணுவைப் படித்துச் சொல்லிவிடலாம் என்று நீ வந்து சொன்னாய். தொண்ணூற்றைந்து செடிகளில் பத்தைப் பொறுக்கிக் கொடுத்தாய், அந்தப் பத்தையும்தான் பெருக்கி நட்டோம். பத்தும் கருகிவிட்டன. பக்கத்துத் தக்காளிப் பிரிவுக்கு நீ பொறுக்கிக் கொடுத்த செடிகள் மட்டும் அதே பனியில் பச்சையாக நிற்கின்றன. டாக்டர் அங்கே போய் நின்று, தக்காளிக்குச் சரியா வந்தது நம்ம கிழங்குக்கு மட்டும் எப்படித் தப்பாச்சு, கவனக்குறைவா பாத்திருக்கா என்று சொன்னார். வெளிநாட்டில் உன் ஆய்வகத் தலைவருக்கும் அப்படியே எழுதிப் போட்டார். நான் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன், எனக்கும் உன்மேல் கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

போன வாரம் சாமான் அறையை ஒழித்தேன். செடிக்கொரு குழியாக இலைத் துண்டு வைத்து உனக்கு அனுப்புகிற தொண்ணூற்றாறு குழித் தட்டு இருக்கிறதே, பழையது ஒன்று மிச்சம் கிடந்தது, அதைப் புதுத் தட்டின்மேல் வைத்தால் மூலை பொருந்தவில்லை. பழைய தட்டில் ஒரு மூலையைச் சீவியிருப்பார்கள், அதை இடது கட்டைவிரலுக்கு அடியில் வைத்துக்கொண்டு அந்த மூலைக் குழியிலிருந்து தொடங்குவதுதான் என் பழக்கம், பதினாலு வருஷமாகக் கண்ணால் பார்த்ததே இல்லை, விரலே பார்த்துக்கொள்ளும். கையிருப்பு தீர்ந்து வேறு கம்பெனித் தட்டு வந்தபோது அதிலும் ஒரு மூலை சீவியிருந்தது, நான் கட்டைவிரலை வைத்தேன், வேலையை முடித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழி ஓரத்தில் அச்சடித்த பொடி எழுத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, புதியதில் சீவிய மூலை கடைசிக் குழிப் பக்கம். தட்டு முழுக்கத் தலைகீழ். முதல் செடியின் இலை கடைசியிலும் கடைசிச் செடியின் இலை இரண்டாவதிலுமாக, முதல் குழி காலியாக உன்னிடம் வந்திருக்கிறது. தக்காளிப் பிரிவில் பழைய தட்டே தீராமல் இருந்ததால் அவர்கள் தப்பினார்கள்.

இதைவிட மோசமானது இனிமேல்தான். தட்டு கைக்கு வந்ததுமே நீ போனில் கேட்டாய். எனக்கு மறக்கவில்லை, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன், அம்மா, தொண்ணூத்தஞ்சு செடிதானே, கடைசிக் குழிதானே காலியா இருக்கணும், இங்க முதல் குழி காலியா இருக்கு, தட்டு திரும்பியிருக்குமா என்று கேட்டாய். எனக்கு வந்ததே ஒரு வீம்பு. நான் நடக்கச் சொல்லிக்கொடுத்த பிள்ளை என் வேலையில் குறை பார்க்கிறதா என்று, நான்தான் முதல் குழியை விட்டுட்டு ரெண்டாவதிலேர்ந்து வச்சேன், நீ போய் உன் வேலையப் பாரு என்று சொன்னேன். அப்படி வைத்ததாக எனக்கு ஞாபகமே கிடையாது. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. நீயும் அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாய். பிறகு வயல் கருகி உன்னைக் குடைந்தபோது, தட்டைப் பற்றி அப்போதே கேட்டேன், அம்மா இப்படிச் சொன்னாள் என்று ஒரு வரி நீ யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அப்புறம், அப்போ கழிச்சுவிட்ட செடியோட கிழங்கெல்லாம் எங்க என்று கேட்டார். கழித்த செடிகளைப் பிடுங்கிய அன்று சாயங்காலமே வழக்கம்போல ஆளுக்கொரு பையாகப் பிரித்துக்கொண்டோம், ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, எல்லார் வீட்டு அடுப்பிலும் போய்ச் சேர்ந்துவிட்டது. என் பையை நான் வேகவைத்தேன், இவ்வளவு நல்ல கிழங்கு சாப்பிட்டதே இல்லை என்று அப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இதையும் சொன்னேன். அவர், கசப்பு இருந்துச்சா என்று கேட்டார். இல்ல சார், கொஞ்சமும் இல்ல என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். உண்மையில் நீ பொறுக்கிய அந்தப் பத்துச் செடிகளின் மரபணு எழுத்து முழுக்க உன்னிடம் இருக்கிறது, செடி ஒன்றுகூட உலகத்தில் இல்லை. அந்தக் கலப்பில் விதையும் மிச்சமில்லை. அவருக்கு இன்னும் நாலு மாதம்தான் சர்வீஸ், அதற்குப் பிறகு கிழங்குப் பிரிவையே மூடுகிறார்கள்.

நான் எழுதிக் கொடுத்ததை அவரே உட்கார்ந்து அவர்கள் மொழியில் டைப் அடித்து உங்கள் தலைவருக்கு அனுப்பினார். உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அதனால் கேட்கவில்லை. நேற்றுப் பதில் வந்துவிட்டது, மூன்றே வரி. விளக்கத்துக்கு நன்றியாம், அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டதாம், கோப்பை மூடிவிட்டார்களாம். உன் பெயரில் எழுதிய குற்றத்தை அடித்துவிடுவார்களா என்று கேட்டிருந்தோம், அதைப் பற்றி ஒன்றுமில்லை. உனக்கு நல்லது நடக்கும் என்று எழுதத்தான் ஆசை, எங்கே இருந்து நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. மிச்சமிருக்கும் சம்பளத்தை எங்களுக்கு அனுப்பாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார்.

ஒன்று மட்டும் மறக்காதே. இந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி சாப்டியாம்மா என்றுதான் முதலில் கேட்கிறாய். இந்த வாரம் அதைக் கேட்காதே. என்னை நன்றாகத் திட்டு. போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா