சுவரில் எந்தப் புள்ளி உன்னுடையது?

பாசமுள்ள அண்ணனுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பவியைத் தூங்கவைத்த பிறகுதான் கை ஒழிந்தது. விடிந்தால் நீ மெட்டு எழுதிய சுவருக்கு அய்யா சுண்ணாம்பு அடிக்கப் போகிறார்.

"அந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டு உங்கம்மா சோறு திங்க மாட்டேங்கிறா தாயி. இனிமே தடுக்காத" என்கிறார்.

போன திருவிழாவில் மேல்சாதிக்காரர்கள் தெருவை நம் பேண்டு செட்டு கடக்கும்போது கிளாரினெட்டை நிறுத்தச் சொன்னார்கள். நீ நிறுத்தவில்லை. மறுநாள் சாயங்காலம், பேண்டு செட்டுக்காரர்கள் உட்கார்ந்து பார்த்து வாசிக்க, வழக்கம்போலப் புது மெட்டைக் கரித்துண்டால் சுவரில் எழுதிக்கொண்டிருந்தாய். செட்டுக்காரர்கள் வருவதற்குள் அரிவாள்கள் வந்துவிட்டன. முதல் வெட்டு விரல்களில். அடுத்தது கழுத்தில். யாருமே கேட்காத மெட்டு, மூன்றாவது வரியில் நின்றுபோனது.

அதைப் படிக்கத்தான் சுரம் எழுதும் முறையைக் கற்றேன், பவிக்கும் சொல்லிக்கொடுத்தேன். எழுத்துக்கு மேலே புள்ளி என்றால் மேல் ஸ்தாயி, கீழே என்றால் கீழ் ஸ்தாயி. காற்புள்ளி வந்தால் முந்தைய சுரத்தை இன்னும் ஓர் எண்ணிக்கை நீட்டணும். தாளவட்டம் முடிந்தால் இரட்டைக் கோடு. இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

நேற்று சுவரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். "அம்மா, இந்தக் 'க' மேல மூணு புள்ளி கெடக்கு. எம்புட்டு மேலதான் போறது? தொண்ட கிழிஞ்சிரும்ல!"

சிரித்துக்கொண்டே கிட்டப் போனேன். அது கரி இல்லை அண்ணே. உன் ரத்தம். காய்ந்து, கரி நிறத்துக்கே வந்துவிட்டது.

மூன்று புள்ளி கிடந்தால் தெரிந்துவிடும். ஒற்றைப் புள்ளி இருக்கும் இடங்களில் என்ன செய்வேன்? எது நீ வைத்தது, எது அவர்கள் தெறிக்கவிட்டது? போனில் படம் எடுத்தும் பார்த்தேன். எல்லாம் ஒரே கறுப்பு.

உன்னை வெட்டியவர்களில் ஜாமீனில் வந்த ஒருவன் பள்ளிக்கூட வாசலில் பவியை நிறுத்தி, "ஏ பாப்பா, நீயும் ஊதப் போறியாமே? வெரலு பத்திரம்" என்றானாம். அன்றிலிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறேன். அய்யா அழிப்பதே நல்லது என்றுகூட நினைத்தேன்.

அவளோ, "கடேசி வரிக்கு மாமா ரெண்டு கோடு போடலயேம்மா, அப்புறம் எப்புடி நிறுத்துறது?" என்கிறாள்.

சுண்ணாம்புக்கு முன்னால் மூன்று வரியையும் காகிதத்தில் எழுதி முடிப்பேன். வருகிற திருவிழாவில் அதே தெருவில் பவி அதை உன் கிளாரினெட்டில் வாசிப்பாள். பக்கத்தில் நான் நடப்பேன். சத்தியம்.

அந்தக் கடைசி 'ப' மட்டும் சொல். அதன் மேலிருப்பது உன் புள்ளிதானா? சீக்கிரம் பதில் போடு அண்ணே.

உன் கூடப்பிறந்தவள்,
பவியின் அம்மா