கால்வாசித் தண்ணீர்

பஸ்ஸில் ஜாடி தளும்பி என் கால்சட்டை நனைந்துவிட்டது. கல்லூரிக்கு வந்து சேர்வதற்குள் காய்ந்து, முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு. சுண்டினால் உப்பு உதிர்கிறது. நம் விலங்கியல் துறையில் புதிதாக ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்கிறோம். நான் இப்போது அங்கே டெமான்ஸ்ட்ரேட்டர். ஆனாலும் கோவளம் போய்த் தண்ணீர் சுமப்பவன் நான்தான். உன் கால்சட்டையில் இந்தக் கோடு ஒருநாளும் விழுந்ததில்லை. நீ இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்றும் கோட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

நாம் எம்.எஸ்ஸி. படித்தபோது வைத்தது முதல் தொட்டி. இரும்புச் சட்டம், சுற்றிலும் கண்ணாடி, அடியில் மணல், கோவளத்துப் பாறைக் குட்டைகளில் பிடித்த வரி மீன்கள் ஐந்து. தொட்டியை நன்றாகப் பார்த்துக்கொள்பவனுக்குக் கடலாராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாகத் துறைத்தலைவர் சொன்னார். ஒரே ஒரு கடிதம். பிறகு வேலையைப் பிரித்தார். சோதனையும் குறிப்பெடுப்பதும் உனக்கு. "நீ மாடம்பாக்கத்துப் பையன், சுமை தூக்கிப் பழக்கம் இருக்கும்" என்று ஜாடி எனக்கு. என் அப்பா திரிசூலத்தில் கல் உடைத்தார். உன் அப்பா துறைத்தலைவரோடு ஒரே சர்ச்சில் பாட்டுக் குழுவில் நின்றார். இதில் சதி எதுவும் இல்லை. சதி தேவைப்படவில்லை.

வைக்கோல் திணித்த கூடையில் அந்தக் கண்ணாடி ஜாடியை வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினால் கண்டக்டர் கேட்பார்: "இன்னா சாரு, கடலையே தூக்கிகினு வந்துட்டியா?" பஸ்ஸே சிரிக்கும். வந்து இறங்கினால் நீ உன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளுவாய். உன்மேல் கோபப்பட நீ ஒரு காரணமும் தந்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு வாரத்தில் தண்ணீர் பால்போலக் கலங்கியது. நல்லதண்ணீர்த் தொட்டிகளைச் சனிக்கிழமைதோறும் கொட்டிக் கழுவுவது துறையின் வழக்கம். இதையும் அப்படியே செய்யச் சொன்னார் துறைத்தலைவர்.

"நோ சார்," என்றாய் நீ. "மணல்ல கண்ணுக்குத் தெரியாத கிருமி வளருது. மீனோட கழிவை அதுதான் தின்னும். கழுவினா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அவர் தலையாட்டினார். நான் சொல்லியிருந்தால், போய் இன்னொரு ஜாடி கொண்டுவா என்றிருப்பார். ஆனால் நீ சொன்னது சரி. அதையும் எழுதிவிடுகிறேன்.

எப்போது முதல்முறை தண்ணீர் மாற்றுவது? அதுதான் மிச்சமிருந்த கேள்வி. சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, வேதியியல் துறையில் வாங்கிய மருந்தை விட்டுப் பார்ப்பாய். கழிவு இருந்தால் மஞ்சள், அதிகமானால் பழுப்பு. தினமும் டீ டிக்காஷன் போலத்தான் வந்தது. அந்த நேரத்தில் உன் அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள் பாளையங்கோட்டை கிளம்பினாய். சாவியை என் கையில் வைத்தாய்.

"கலர் சுத்தமா போற வரைக்கும் தண்ணி மாத்தாத மச்சான். போனப்புறம் கால்வாசி மாத்து. ப்ராமிஸ்?"

"சரி" என்றேன்.

மூன்றாம் நாள் பழுப்பு இன்னும் கறுத்தது. மீன்கள் ஐந்தும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மணலைத் தொடாமல் கொஞ்சம் தண்ணீரை உடனே மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மூலையில் ஒரு ஜாடி நிறையக் கடல்நீர் இருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இவை செத்தால் உன் பேச்சைக் கேட்டுச் செத்தவை. கடிதம் எனக்கு வரும்.

துறையைப் பெருக்கும் கன்னியம்மா துடைப்பத்தோடு வந்து நின்றாள். "இன்னாபா, மீனு மூச்சுக்கு அல்லாடுது. நீ குந்திக்கினு பாத்துகினு கீறே?"

"மாத்தக் கூடாதுன்னு ஃபிரெண்டு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"அவுரு கலியாண வூட்ல துன்னுகினு கீறாரு. இங்க சாவுது. உனக்குக் கண்ணு இல்ல?"

அடுத்த நாளும் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் ஒரு மீன் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் என் கணக்கெல்லாம் அசிங்கமாகப் பட்டது. ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சிக் கால்வாசித் தண்ணீரை இறக்கினேன், ஜாடியை ஊற்றினேன். மறுநாள் கோவளம் போய் இன்னொரு ஜாடி. நான்கு மீன்கள் பிழைத்தன. நீ திரும்பியபோது சோதனைக் குழாய் வெறும் தண்ணீராகத் தெளிந்திருந்தது.

"ஒண்ணு காணோமே?"

"நீ போன அன்னைக்கே போயிடுச்சு."

"தண்ணி எப்ப மாத்தின?"

உண்மையைச் சொல்லியிருந்தால் கடிதம் என் கைக்கு வந்திருக்கலாம். ஆனால் உட்கார்ந்திருந்த இரண்டு நாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "நீ சொன்னபடிதான். கலர் போனப்புறம்."

நீ என் தோளை இறுக்கினாய். "தேங்க்ஸ்டா மச்சான். வேற எவனா இருந்தாலும் அவசரப்பட்டிருப்பான்."

அதையே அறிக்கையில் எழுதினாய். துறைத்தலைவர் வகுப்பில் வாசித்து உன் பொறுமையைப் புகழ்ந்தார். கடிதம் உனக்கு. கடைசிப் பக்கத்து நன்றியில் கன்னியம்மாவுக்குப் பக்கத்தில் என் பெயர். பிறகு, வேலைக்குச் சேர்ந்த அந்த நிலையத்திலேயே உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கல்லறைத் தோட்டத்தில் நான் உண்மையாகவே அழுதேன். அழுதுகொண்டே, எவ்வளவு கூட்டம் என்றும் பார்த்தேன்.

இன்று மதியம் ஒரு மாணவி உன் அறிக்கையைக் கொண்டுவந்தாள். "கலர் போற வரைக்கும் மாத்தக் கூடாது, இல்ல சார்?"

"அது தப்பு. மீன் மேல வந்து மூச்சு வாங்கினா அன்னைக்கே கால்வாசி மாத்து. மணலைத் தொடாத."

"அவரு செஞ்சு பாத்துத்தானே சார் எழுதியிருக்காரு?"

"செஞ்சவன் நான். அவன்கிட்ட பொய் சொன்னேன்."

செத்தவன் பெயரைக் கெடுக்கும் பொறாமைக்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். சரியாகத்தான் பார்த்தாள்.

அந்த மீன் ஏன் செத்தது என்று நீ ஒருநாளும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உன் சொல் தவறு என்று தெரியாமலே, நண்பனை நம்பியபடியே போய்விட்டாய். அதற்கும் உன்மேல் எனக்குப் பொறாமைதான்.