இரண்டரை மணிக்கு ஏறிய நிரல்

வியாழன், இரவு

காளவாசல் பட்டுக்கடை இணையதளத்துக்கு நான் எழுதிய நிரல், காலை ஒன்பதுக்குத் தானாக ஏறும்படி கிளவுட் சர்வரில் குறித்திருந்தேன். கடை முதலாளி கணினிக்கு முன் தேங்காய் உடைத்தார். எதுவும் மாறவில்லை. பிழை எங்கே என்று தேடித் தேடி மண்டை காய்ந்தது. மதியம் இரண்டரைக்கு அது தானாக ஏறியது. கிளவுடின் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலாளி போனில் கத்தினார்: “நட்டநடு ராகு காலத்துலயா தம்பி ஏத்துவீங்க? காலைல அம்புட்டையும் எடுத்துட்டு, நல்ல நேரத்துல திரும்ப ஏத்துங்க.”

“சரிண்ணே” என்றுவிட்டேன்.

இப்போதும் திறந்து பார்த்தேன். ஒரு பிசகும் இல்லாமல் ஓடுகிறது. இரண்டு சேலைக்கு ஆர்டரும் வந்திருக்கிறது. ஓடுவதை எதற்கு இறக்குவது? நாளை நல்ல நேரத்தில் திரும்ப ஏற்றி, தளம் படுத்துக்கொண்டால், பழி போட ராகுவும் இருக்க மாட்டார். நான்தான் இருப்பேன்.