அடிக்காத அலாரம்

12 ஜூலை 2004, திங்கள்

இன்று என் ஜூனியர் முரளியை அடித்துவிட்டேன். காலையில் கரோல் பாக் கிளையின் நெட்வொர்க் லைன் இரண்டு மணி நேரம் செத்துக் கிடந்தும் கண்காணிப்பு மென்பொருள் பச்சையே காட்டியது. அலாரம் அடிக்கவில்லை. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். கிளைகளின் லைனைச் சோதிக்க நான் எழுதிய ஸ்கிரிப்ட் நிரலில் முரளி கைவைத்துவிட்டான் என்று அவரிடம் சொன்னேன்.

"கசம் சே, சத்தியமா நான் தொடவே இல்லண்ணா" என்றான் முரளி. சட்டையைப் பிடித்து வாயிலேயே குத்தினேன். சர்வர் ரேக்கில் மோதி விழுந்தவனை உதைத்தேன். காவலாளிதான் என்னை இழுத்துப் பிரித்தார்.

பிறகு ஸ்கிரிப்டைத் திறந்தேன். மென்பொருள் அனுப்பும் கிளைப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட நான்தான் மறந்திருக்கிறேன். பெயரின் நடுவில் இடைவெளி இருந்ததால் 'கரோல்' மட்டும் உள்ளே போயிருக்கிறது. அப்படி ஒரு கிளையே இல்லாததால் பழுது எதுவும் இல்லை என்று ஸ்கிரிப்ட் பதில் சொல்லியிருக்கிறது. குறியைப் போட்டுவிட்டுச் சோதித்தேன். அலாரம் அலறியது.

வாஷ்பேசினில் ரத்தம் துப்பிக்கொண்டிருந்த முரளி ஓடி வந்தான்.

"சரியாயிடுச்சா? என்ன ப்ராப்ளம்ணா?"

"சாஃப்ட்வேர்லதான் ஏதோ கோளாறு."

"அச்சா. அப்ப நான் பண்ணலன்னு சார்கிட்ட சொல்லிடுங்கண்ணா."

தலையாட்டினேன். சாரின் அறையில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைத் தாண்டி வந்து பஸ் ஏறிவிட்டேன்.