குடையின் நிறம்

என்னவளுக்கு,

நான் நடித்துத் தயாரித்த முதல் மூன்று படங்களும் ஓகோவென்று ஓடின. அடுத்த இரண்டு கதைகளையும் போட்டிக் கம்பெனி முந்திக்கொண்டு எடுத்துவிட்டது. நாளை ஆபீசைப் பூட்டுகிறேன்.

தம்பியையும் மேனேஜரையும் சந்தேகப்பட்டேன். "கூடப் பொறந்தவரையே சந்தேகப்படுறீங்களே, நல்லா இருக்கா?" என்று நீதான் கேட்டாய்.

அதனால் அதற்கடுத்த கடைசிக் கதையின் பிரதிகளில் கதாநாயகியின் குடை நிறத்தை மட்டும் மாற்றினேன். தம்பிக்குச் சிவப்பு, மேனேஜருக்குக் கறுப்பு. எப்போதும் கதையைப் படித்துப் பார்க்கும் உன் பிரதியில் சும்மா மஞ்சள் என்று போட்டேன்.

நேற்று போட்டிக் கம்பெனியின் புதுப் படம் பார்த்தேன். கொட்டுகிற மழையில் கதாநாயகி மஞ்சள் குடையை விரித்தாள். நேராகப் போய்த் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டில் நீ, "படம் எப்படிங்க?" என்றாய்.

"மழை சீன் நல்லா இருந்துச்சு" என்றேன்.

உன் முகம் மாறவே இல்லை. இருபது வருஷம் நடித்தும் எனக்கு அது வரவில்லை.

உன் கணவன்