காண்டாமிருகமாகப் படுத்த கதை

லிம்போபோ, செவ்வாய்

மாபுலேங்குக்கு,

நீயும் பிள்ளைகளும் ஆடுகளும் சுகம்தானே? நான் சுகம். என் தொப்பை என்னைவிடச் சுகம்.

காட்டு விலங்குகளைக் காக்கப் படிக்கும் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டும் நான், நேற்று காண்டாமிருகமாகவும் வேலை பார்த்தேன். மயக்க ஊசி போட்ட விலங்கை எப்படிக் கவனிப்பது என்று பரீட்சை. என் உடம்பைப் பார்த்து என்னையே படுக்க வைத்தார்கள்.

அந்தப் பிள்ளைகளில், போன முறை தோற்ற ங்கென்சானிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் வனக்காவலர் வேலை கிடையாது. என் கண்ணைக் கட்டினாள், காதை அடைத்தாள். நல்ல நிழல், நான் நிஜமாகவே தூங்கிவிட்டேன். குறட்டையைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்களாம். குறட்டை சட்டென்று நின்றதும் அவள் மட்டும், "மூச்சு இல்ல! புரட்டுங்கடா!" என்று கத்தி, என்னை ஒருக்களிக்க உருட்டிவிட்டாள்.

விழித்துக்கொண்டு, "காண்டாமிருகத்த இப்படியா புரட்டுவீங்க?" என்றேன்.

"காண்டாமிருகம் பேசாது மாமா, பேசாம படுங்க!" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பரீட்சை வைத்த அம்மா அங்கேயே பாஸ் போட்டுவிட்டார்.

பயப்படாதே. மல்லாந்து தூங்கினால் குறட்டையோடு மூச்சும் கொஞ்சம் நிற்குமாம்; ஒருக்களித்துத் தூங்கினால் போதும் என்றார், பிறகு என்னைப் பார்த்த டாக்டர். வீட்டில் அந்த வேலையை உன் முழங்கை பார்த்துக்கொண்டது. இங்கே முதுகுக்கு முட்டுக் கொடுக்க, உன் பழைய கம்பளியை பஸ்ஸில் கொடுத்தனுப்பு.

பிள்ளைகள் வண்டியிலேறி ஹாரன் அடிக்கிறார்கள், ஓடுகிறேன். கம்பளியைத் துவைக்காமல் அனுப்பு.

உன்
மொலேஃபி